வெர்பல் ஆட்டாப்சி: கத்தி இல்லாத கூறாய்வு

'ஆட்டாப்சி' கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ஆட்டோஸ் என்றால் தான், ஆப்சிஸ் என்றால் பார்வை. தன் கண்ணாலேயே பார்ப்பது என்று பொருள். இறந்த உடலை அறுத்து, மருத்துவர் நேரில் பார்த்துக் காரணம் சொல்வதற்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்தியது. அதற்கு முன்னால் 'வெர்பல்', அதாவது வாய்மொழி, சேர்ந்ததும் வேடிக்கையாகிவிடுகிறது. கண்ணால் பார்க்க வழியே இல்லாத சாவைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறைக்கு 'கண்ணால் பார்த்தல்' என்று பெயர்!

முறை இதுதான். ஒருவர் வீட்டிலேயே இறந்துபோகிறார். மருத்துவர் பார்க்கவில்லை, காரணம் எழுதிய சான்றிதழும் இல்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போகிறார். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரிடம் கடைசி நாள்களைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்தப் படிவத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிப்பார்கள். ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் தீர்த்துவைப்பார். இப்போது கணினி நிரல்களும் இதைச் செய்கின்றன.

பெயர் பிறந்தது பஞ்சாபில். லூதியானா மாவட்டத்து நாரங்வாலில் 1960களில் தொடங்கிய கிராம நல ஆய்வில் இருந்தவர்கள் இட்ட பெயர் இது. வேலை என்னவோ பழையதுதான். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் வயதான பெண்கள் சாவு வீட்டுக்குப் போய், பார்த்ததையும் கேட்டதையும் வந்து சொல்வார்கள். அதை வைத்து வாரந்தோறும் இறப்புப் பட்டியல் போட்டார்கள். 1662இல் லண்டன் வணிகர் ஜான் கிரான்ட் எழுதிய புகழ்பெற்ற நூல் அந்தப் பட்டியல்களை அலசி வந்ததுதான்.

தாய், சேய் சாவுகளில்தான் இந்த முறைக்கு அதிக வேலை. பெயர்கூட வைக்காத குழந்தை வீட்டிலேயே இறந்தால் எந்தப் பதிவேட்டுக்கும் அது வந்து சேர்வதில்லை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1966 முதல் பிறப்பு இறப்புகளை வீடு வீடாகப் போய்க் குறித்துவருகிறார்கள். அங்கெல்லாம் கேட்கும் கேள்விகள் எளியவை. பிறந்ததும் அழுததா? முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, அப்புறம் வாயைத் திறக்க முடியாமல் உடம்பு விறைத்து வளைந்ததா? வளைந்தது என்றால் தனுர்வாதம், அதாவது டெட்டனஸ். வங்காளத்தில் அதற்குப் பெயர் தனுஷ்டங்கார். இரண்டு பெயரிலும் வில் இருக்கிறது. தாய் விவரிக்கும் காட்சியே நோயின் பெயராக இருப்பதால் இங்கே தப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. தட்டம்மையும் அப்படித்தான். 'காய்ச்சல், மூச்சு வாங்கியது' என்று மட்டும் சொன்னால் சிக்கல். நிமோனியாவா மலேரியாவா என்று பிரிப்பது கடினம்.

தாய் இறப்பில் சிக்கல் வேறு மாதிரி. கர்ப்ப காலத்திலோ, அது முடிந்து 42 நாளுக்குள்ளோ, கர்ப்பம் தொடர்பான காரணத்தால் நேர்ந்தால்தான் அது தாய் இறப்புக் கணக்கில் வரும். இரண்டாம் மாதத்தில் கரு கலைந்து இறந்த பெண்ணைப் பற்றிக் கேட்டால், 'கர்ப்பமா? அதெல்லாம் இல்லையே' என்று பதில் வரக்கூடும். மாமியார் சொல்வது ஒன்றாகவும் பெற்ற தாய் சொல்வது வேறாகவும் இருக்கலாம். இந்தியாவில் 2018–20க்கான தாய் இறப்பு, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 என்கிறார்களே, அந்த எண்ணுக்கு அடியில் இருப்பவை இப்படிக் கேட்டு எழுதிய படிவங்கள்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று நேராகப் பெயர்த்துவிடலாம். ஆனால் பிரேதமும் இல்லை, பரிசோதனையும் இல்லை. குழந்தையைப் பறிகொடுத்தவள் முன்னால் வைக்கக்கூடிய சொல்லும் இல்லை. 'மரண விசாரணை' என்றால் போலீஸ் வாசனை அடிக்கிறது. இலங்கையில் அது சட்டப்படியான வேறொரு வேலை. 'துக்கம் விசாரித்தல்' என்ற அருமையான வழக்கு நம்மிடம் உண்டு. சாவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 'எப்படி ஆச்சு?' என்று கேட்பதும், அவர்கள் முதலிலிருந்து சொல்லி அழுவதும் கிட்டத்தட்ட இதேதான். 1990களில் சென்னையிலும் விழுப்புரத்திலும் வயதுவந்தவர்களின் சுமார் 80,000 சாவுகளை இப்படிக் கேட்டு எழுதினார்கள். ஆனால் கணக்கெடுப்பவர் படிவத்தோடு திரும்பிப் போகிறவர். துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொன்னால் அது பொய்.

எனக்குப் பிடித்தது 'வாய்மொழிக் கூறாய்வு'. கூறு என்றால் பகுதி. உடற்கூறு, மாங்காயைக் கூறு போட்டு விற்பது எல்லாம் அந்த வழி. கூறு என்றால் சொல் என்றும் பொருள். அறுத்துப் பார்ப்பதையும் சொல்லக் கேட்பதையும் ஒரே சொல் தாங்குகிறது. கிரேக்கத்துக்கு அந்த வசதி இல்லை. கூற்று என்றால் பேச்சு, கூற்று என்றால் எமனும்கூட. உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் அந்தப் பெயர் என்பார்கள்.

எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். செய்திகளில் 'உடற்கூராய்வு' என்று இடையின ரகரம் போட்டு எழுதுவது பரவலாகிவிட்டது. அதையே இங்கும் எழுதினால் பகுதியும் போய், பேச்சும் போய், கத்தியின் கூர் மட்டும்தான் மிஞ்சும்.