‘கிஃப்ட்’ என்று எழுதிவிட்டால் வரி வராதா?

மறுபடியும் அதே கதை. கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்து விற்கிற ஒரு தங்கச்சி. லண்டனுக்கு அனுப்பிய பொதி சுங்கத்தில் நிற்கிறது. விற்றது 110 பவுணுக்கு. படிவத்தில் ‘கிஃப்ட், 20 பவுண்’. பெட்டிக்குள் 110 பவுண் பில்லையும் தானே வைத்திருக்கிறார்! “எல்லாரும் அப்படித்தானே போடுகினம் அண்ணா” என்கிறார்.

போடுகிறார்கள்தான், பிடிபடும்வரை.

அன்பளிப்பு என்றால் ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்புவது. காசு கைமாறினால் அது விற்பனை. பெட்டிமேல் ரிப்பன் கட்டினாலும் விற்பனைதான், வாங்குகிறவர் உங்கள் மச்சாளாக இருந்தாலும் விற்பனைதான். உண்மையான அன்பளிப்புக்கே எல்லை உண்டு: பிரிட்டனுக்கு 39 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 45 யூரோ, கனடாவுக்கு 60 கனேடிய டொலர், அமெரிக்காவுக்கு 100 டொலர். அதற்கு மேலே போனால் அம்மா அனுப்பும் சேலைக்கும் வரி வரலாம். பெறுமதியைக் குறைத்து எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: பொதி தொலைந்தால் நட்டஈடும் அந்த 20 பவுணைப் பார்த்துத்தான். சுங்க அதிகாரிக்கு உங்கள் இன்ஸ்டாகிராம் விலையைப் பார்க்கத் தெரியாது என்று நினைக்கவும் வேண்டாம்.

முன்பு சின்னப் பொதிகள் பல தப்பிப் போயின, உண்மை. அமெரிக்காவில் 2016 முதல் 800 டொலர்வரை தீர்வை (இறக்குமதி வரி) இருக்கவில்லை. 2025 ஓகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவரை இருந்த வற் (பெறுமதி சேர் வரி) விலக்கை 2021 ஜூலையிலேயே எடுத்துவிட்டது. 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருள் வகைக்கும் 3 யூரோ தீர்வை என்று முடிவெடுத்தது. பிரிட்டனில் 2021 முதல், 135 பவுணுக்கு மேற்படாத பொதியை உங்கள் சொந்தப் பக்கத்தில் விற்றால் நீங்கள்தான் அங்கே வற் பதிந்து, விற்கும்போதே வசூலிக்க வேண்டும். எட்சி போன்ற சந்தைத் தளத்தில் விற்றால் அந்த வேலையைத் தளம் பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த வழியைத்தான் சொல்வேன்.

படிவத்தில் ‘துணி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘பெண்கள் பிளவுஸ், நெய்த துணி, 100% பருத்தி’ என்று எழுதி, எச்.எஸ். குறியீடு (பொருள் வகையைக் காட்டும் சர்வதேசச் சுங்க எண்) 6206.30 போடுங்கள். பட்டுச் சேலைக்கு அது பொருந்தாது. தைக்காத சேலை துணி வகைக்குள், 5007இல் வரும். அப்புறம் உற்பத்தி நாடு. காஞ்சிபுரத்தில் நெய்த சேலை வெள்ளவத்தையில் மடித்துக் கட்டியதால் இலங்கைப் பொருள் ஆகிவிடாது. புறக்கோட்டையில் வாங்கிய சீனச் சாமானும் அப்படித்தான். அமெரிக்காவில் தீர்வை வீதம் உற்பத்தி நாட்டை வைத்தும் மாறும், ஆகவே இதில் விளையாட வேண்டாம்.

கூரியர்காரர் விலை சொன்னதும் கேளுங்கள்: “தீர்வையும் சேர்த்தா, சேர்க்காமலா?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேர்க்காமல் அனுப்பினால், வீட்டு வாசலில் காசு கேட்டதும் பலர் பொதியை எடுக்கவே மாட்டார்கள். திரும்பி வரும் செலவு உங்கள் தலையில். வந்த பிறகு கொழும்புச் சுங்கத்திலும் அது நீங்கள் அனுப்பிய பொருள்தான் என்று காட்ட வேண்டும். அனுப்பிய இன்வாய்ஸ், ஏற்றுமதிப் பத்திரங்களைக் குப்பையில் போடாதீர்கள்.

வீதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன சீசன் விலைப்பட்டியலை வைத்து இந்தச் சீசன் ஓர்டர் எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், தயவுசெய்து, பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே ஒரு கோல் எடுங்கள். பொதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மாட்டிய பிறகு கொழும்பில் இருந்துகொண்டு நான் செய்யக்கூடியது அதிகம் இல்லை.