பீரோ மேல் ஒரு துப்பாக்கி

மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரியவர் வெளியே போய்விட்டார். மகன் மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றார். "டாக்டர், இன்னொண்ணு சொல்லணும். வீட்ல துப்பாக்கி இருக்கு."

சென்னையில் மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு இது அபூர்வமாகத்தான் காதில் விழும். விழும்போதெல்லாம் இப்படிக் கதவருகில், கடைசியில்தான். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெரியவர் முன்னாள் ராணுவத்தினர். பிறகு ஒரு வங்கியில் காவலாளி. அந்த வேலைக்காக லைசென்ஸோடு வாங்கிய ரெட்டைக் குழல் துப்பாக்கி, வேலையை விட்ட பிறகும் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேலேயே கிடந்தது. மனைவி இறந்து எட்டு மாதம். தூக்கமில்லை, ராத்திரியானால் குடி. "இனிமே நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். பயந்துபோன மகன் தோட்டாக்களை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். தினமும் அதில் அரிசி அளக்கும் மருமகளுக்கு விஷயம் தெரியாது.

மனநோய், துப்பாக்கி இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'யாரையாவது சுட்டுவிடுவாரோ' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நான் பயப்படுவது அவருடைய உயிருக்கு. சாகவேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சில சமயம் நிமிடங்களிலேயே தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாத்திரையை விழுங்கியவரைக் காப்பாற்ற நேரம் கிடைக்கலாம், துப்பாக்கி அந்த நேரத்தைத் தராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி லைசென்ஸ் மறுக்க வேண்டும் (பிரிவு 14). கொடுத்ததை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம் (பிரிவு 17). சென்னை மாநகரில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது உடல், மன நலத்துக்கு மருத்துவர் சான்று கேட்கிறார்கள். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லைசென்ஸ் ஐந்து வருஷம் ஓடும். ஐந்து வருஷத்தில் ஒரு மனிதனுக்கு என்னதான் நடக்காது?

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. யாரைக் கிண்டல் செய்தாலும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சிரிக்கும் நம் ஊருக்கு இது அவசியம் தேவை. அப்படியென்றால் துப்பாக்கியை எடுக்கவே முடியாதா? முடியும். ஆயுதச் சட்டத்தின் பிரிவு 17இல் 'வேறு எந்தக் காரணத்தாலும் தகுதியற்றவர்' என்ற வார்த்தைகளும் இருக்கின்றன. அதனால் நான் கடிதம் எழுதினால் நோயின் பெயரைப் பெரிதாகப் போடமாட்டேன். இப்போது ஆபத்து இருக்கிறதா, எதை வைத்துச் சொல்கிறேன், எப்போது மறுபடி பார்ப்பேன், அவ்வளவுதான். நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் அதே மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்து என்றால் தேவையானதை மட்டும் சொல்ல வழிவிட்டிருக்கிறது.

எடுத்தது எங்கே போகும் என்பது அடுத்த கவலை. லைசென்ஸ் நிறுத்தப்பட்டால் ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் (பிரிவு 21). நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் அதை அரசு பறிமுதல் செய்ய முடியாது. உரிமை திரும்பினால் துப்பாக்கியும் திரும்பும். இல்லையென்றால், உரிய காலத்துக்குள் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்கலாம். உத்தரவு தவறென்று பட்டால் மேல்முறையீடும் உண்டு.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இதற்குத் தெளிவான வழி இல்லாமல் போனதன் விலையைப் பார்த்தார்கள். 2004இல் மனநோய் முற்றிய ஒருவரிடமிருந்து போலீஸ் துப்பாக்கிகளை எடுத்தது. வைத்துக்கொள்ளச் சட்டம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தது. சில மாதங்களில் அவர் தன் தாயையும் ஜேக் லேர்ட் என்ற போலீஸ்காரரையும் சுட்டுக் கொன்றார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது: போலீஸ் எடுக்கலாம், ஆனால் நீதிபதி விசாரிக்க வேண்டும், பிறகு திரும்பக் கேட்டு மனு போடலாம்.

நம் கதைக்கு வருவோம். மகன், "நானே ஆட்டோல வச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை எடுத்துப் போவதே குற்றமாகலாம். ரிப்பேர், புதுப்பித்தல் போன்றவற்றுக்கு மட்டும், உரிமையாளர் கூட இருந்தாலோ எழுதிக் கொடுத்தாலோ விலக்கு உண்டு. ஸ்டேஷனுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். தோட்டாவையும் சேர்த்து. ரசீது வாங்க மறக்க வேண்டாம். அதில் துப்பாக்கியின் நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை அப்பாவைத் தனியாக விட வேண்டாம். இரவில் நிலைமை கைமீறினால் 100க்கு அழையுங்கள். மனநோயால் ஆபத்தில் இருப்பவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது போலீஸுக்குச் சட்டம் இட்ட கடமை. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம்.

பெரியவரிடம் யார் சொல்வது? நான்தான். உள்ளே கூப்பிட்டேன். முகம் சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமா ஆயுதம் தொட்டவன் சார். என்கிட்டயா?" என்றார்.

"எலக்ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல கொடுத்து வச்சு, முடிஞ்சதும் வாங்கிக்குவீங்கல்ல?"

"ஆமா, ஒவ்வொரு தடவையும்."

"அப்படி நினைச்சுக்குங்க. இது உங்க எலக்ஷன். முடிஞ்சதும் பேசுவோம்."

சிரிக்கவில்லை, ஆனால் போனை எடுத்து ஸ்டேஷன் நம்பரை அவரே தேடினார். மறுநாள் காலை மஃப்டியில் இரண்டு பேர் வந்து வாங்கிப் போனார்கள். தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

ஆறு மாதமாக ஒழுங்காக வருகிறார். ரசீது ரேஷன் கார்டோடு அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. போன வாரம் அதை மேஜையில் எடுத்து வைத்து, "வித்துடலாமா சார், பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான்" என்றார்.