புகார் மனுவில் விடுபடும் வசை

வன்முறையையும் வெறுப்பையும் ஆராயும் குற்றவியலாளர் என்று சொன்னால், கைரேகை எடுப்பவர் என்றோ போலீஸ்காரர் என்றோதான் தேனி மாவட்டத்தில் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் என் வேலையின் பெரும்பகுதி முதல் தகவல் அறிக்கைகளைப் படிப்பதும், அடிபட்டவரிடமும் அடித்தவரிடமும் தனித்தனியே பேசி, அவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுமே.

பெரும்பாலும் விடுபடுவது, அடி விழுவதற்கு முன் பேசப்பட்ட வசை. கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ ஜீப்பில் கேரளத்தின் இடுக்கி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒருவரை, கூலியைக் கேட்டதற்காக, அவருடைய ஊரையும் மொழியையும் சாதியையும் சொல்லித் திட்டிவிட்டு ஐந்தாறு பேர் தாக்கினால், காகிதத்தில் அது ‘கூலித் தகராறு’ ஆகிவிடுகிறது. இங்கே வரும் மலையாளி லாரி ஓட்டுநர் அடிபட்டால் ‘வழிவிடுவதில் தகராறு’. எழுதுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திட்டு வாங்கியவரே அதைத் திருப்பிச் சொல்லக் கூசுகிறார், அல்லது காயத்தைத்தான் சட்டம் பார்க்கும் என்று நினைத்துவிடுகிறார்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றி, குமுளி வழிப் போக்குவரத்து முடங்கி, இடுக்கியிலிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பலர் அஞ்சி இறங்கி வந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அணையைப் பற்றிய வழக்கு கூலிக்காரரின் முதுகில் வந்து விடிவது ஒரே நாளில் நிகழ்வதல்ல என்பது என் கருத்து. வெறும் தகராறு என்று முடித்துவைக்கப்படும் சிறு தாக்குதல்களில் வெறுப்பின் பங்கும் பதிவானால், எங்கே பகை முற்றுகிறது, எங்கே காவல் தேவை என்பதை முன்கூட்டியே ஓரளவேனும் அறியலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 117ஆம் பிரிவின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால், ஒவ்வொருவருக்கும் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கொலையானால் 103ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. ஆனால் அந்தக் காரணம் புகாரிலேயே இல்லாதபோது இப்பிரிவுகளைச் சேர்ப்பது கடினம். ஆகவே திட்டிய சொல்லை, கூச்சம் பாராமல், திட்டிய மொழியிலேயே, யார் சொன்னார், பக்கத்தில் நின்று யார் கேட்டார் என்பதோடு சொல்லுங்கள்.

இத்தகைய கடுங்குற்றம் இடுக்கியில் நடந்திருந்தாலும் கம்பத்துக் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று பாராமல் தகவலைப் பெறச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வாசிக்கும்போது வசை விடுபட்டிருந்தால், அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். நகலை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.