வயலுக்குப் போகும் தடம் அடைக்கப்பட்டால்

பக்கத்து நிலத்துக்காரர் தடத்தில் முள்வேலி போட்டதும், பெரும்பாலோர் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றனர். அதற்கு முன், தடம் யாருடைய நிலத்தில் போகிறது என்பதைப் புலப்படத்திலும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டிலும் (ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) பார்த்துவிட வேண்டும். இரண்டும் தமிழக வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

வண்டிப்பாதைப் புறம்போக்கு, அதாவது பாதைக்கான அரசு நிலம் என்று தனிப் புல எண்ணில் பதிவாகியிருந்தால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அதை மீட்க வேண்டியது அரசின் வேலை. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மனுக் கொடுக்க வேண்டாம்.

தனியாரின் பட்டா நிலத்துக்குள் வழக்கமாக நடந்துவரும் மாமூல் தடம் என்றால் சங்கதி வேறு. அங்கே வழி உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடலாம், சொல்வதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மனு சுற்றிச் சுற்றி, கடைசியில் ‘உரிமையியல் நீதிமன்றத்தை அணுகித் தீர்வு காணவும்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகிறது. பிறர் நிலத்தின் வழியே போகும் உரிமை போன்றவற்றைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, நீண்டகாலப் பயன்பாட்டால் அந்த நீதிமன்றத்தில் உரிமை கோர, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையோடும் அவ்வழியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதோடு, அந்த 20 ஆண்டுகள் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்தவையாகவும் இருக்க வேண்டும். மனுவின் பின்னால் அலைந்தே அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர்.

சமாதானப் பேச்சில் ‘நிலத்துக்காரரின் அனுமதியின் பேரில் நடந்து வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டாம். அனுமதியின் பேரில் நடந்தது எத்தனை ஆண்டானாலும் உரிமையாகாது.

‘வேறு வழியே இல்லை’ என்ற வாதமும் தனியாக நிற்காது. இரு நிலங்களும் முன்பு ஒரே உடைமையாக இருந்து, கிரயத்திலோ பாகப்பிரிவினையிலோ பிரிந்திருக்க வேண்டும். ஆகவே அதைக் காட்டும் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவழி ஒன்று இருந்தாலே இந்த வாதம் பலவீனமாகிவிடும்.

நிலத்துக்காரரின் பயிருக்கும் சட்டத்தில் காப்பு உண்டு: நடந்து போகும் உரிமை (நடைபாதைப் பாத்தியம்) மட்டும் உள்ளவர் அதில் டிராக்டர் ஓட்டிச் செல்ல முடியாது.

அறுவடைச் சமயத்தில் அடைத்துக் கைகலப்பு மூளும் நிலை வந்தால், காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்று அனுப்பிவிடுவார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவின்கீழ், தடையை அகற்றக் கோட்டாட்சியர் உத்தரவிடலாம் என்பதைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுங்கள். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அந்த உத்தரவு கைகொடுக்கும். ஆனால் தகராறு பற்றிய தகவல் கோட்டாட்சியருக்குக் கிடைப்பதற்கு முந்தைய 3 மாதங்களுக்குள், அல்லது பருவத்தில் மட்டும் பயன்படும் வழியானால் கடைசிப் பருவத்தில், அத்தடத்தில் நீங்கள் போய்வந்திருக்க வேண்டும்.