ட்ராமா: அதிர்ச்சியா, காயமா, வடுவா?

தமிழ் எழுத்தில் 'ட்ராமா' என்று எழுதினால் நாடகமா மனக்காயமா என்றே தெரியாது. "அவளுக்குச் சின்ன வயசு ட்ராமா இருக்கு" என்று யாராவது பதிவு போட்டால், கீழே ஒருவர் வந்து "ஆமா, எல்லாம் ட்ராமாதான்" என்று நக்கலடித்துவிட்டுப் போகிறார். தமிழில் ஒரு சொல் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனக்காயத்தைச் சொல்லும் 'ட்ராமா'வுக்கு (trauma) மூலம் கிரேக்கம். அங்கே அதன் பொருள் காயம், அதுவும் உடம்பில் படுகிற காயம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவை 'ட்ராமா வார்டு' என்பது இந்தப் பழைய பொருளில்தான். மனசுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்ததில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ரயில் விபத்துகளில் பெரிய அடி எதுவும் இல்லாமல் தப்பியவர்கள்கூட தூக்கம் போய், நடுக்கம் வந்து அவதிப்பட, மருத்துவர்கள் முதலில் முதுகெலும்பில் கோளாறு தேடினார்கள். 1889இல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற ஜெர்மன் நரம்பு மருத்துவர் இதற்கு 'ட்ராமாட்டிக் நியூரோசிஸ்' என்று பெயர் வைத்துப் புத்தகமே எழுதினார். பிடிஎஸ்டி (PTSD, பயங்கர அனுபவத்துக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பு) என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல்.

சரி, ரயில் விபத்து ஒரு நாளில் நடந்து முடிகிறது. குழந்தைக்கு நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. தினமும் குடித்துவிட்டு வரும் அப்பா, அடி வாங்கும் அம்மா, வீட்டுக்கு வந்துபோகிற ஒரு சொந்தக்காரரின் கை, சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாமை, இப்படி வருஷக்கணக்கில் ஓடும். ஆபத்து நேரத்தில் சுரக்க வேண்டிய கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஓயாமல் சுரந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை எப்போதும் எதையோ எதிர்பார்த்துப் பதறப் பழகிவிடுகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் இத்தகைய அனுபவங்களில் நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட, குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு. இது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்கான ஜாதகம் இல்லை. எத்தனை வகை பட்டார் என்று எண்ணிப் போடும் அந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் வருங்காலத்தைக் கணிக்காதீர்கள் என்று ஆண்டாவே பின்னால் எழுதியிருக்கிறார்.

இப்போது தமிழுக்கு வருவோம். பத்திரிகைகள் 'மன உளைச்சல்' என்கின்றன. பரீட்சைக்கும் அதே சொல்தான், ஆகவே உதவாது. 'அதிர்ச்சி' திடீரென்று வருவது, ரயில் விபத்துக்குப் பொருந்தும், மேலே சொன்ன வீட்டுக்குப் பொருந்தாது. 'உளக்காயம்' மூலப்பொருளுக்கு நேர். நடந்ததைச் சொல்ல நல்ல சொல். நடந்து இருபது வருஷம் கழித்தும் இருப்பதைச் சொல்ல எனக்குப் பிடித்தது 'உளவடு'. தீயினாற் சுட்டது ஆறும், நாவினாற் சுட்டது ஆறாது என்ற குறளில் முதலாவதைப் புண் என்றும் இரண்டாவதை வடு என்றும் பிரித்திருப்பதைப் பரிமேலழகர் கவனித்து, ஆறுவதால் அது புண், ஆறாமல் கிடப்பதால் இது வடு என்று காரணமும் சொல்லிவிட்டார்.

போரைப் பார்த்த இலங்கைத் தமிழர்கள் இந்த வேலையை முன்பே செய்துவிட்டார்கள். அங்கே உளநலம் பற்றி எழுதுபவர்களிடம் மனவடு, உளவடு இரண்டும் புழக்கத்தில் உண்டு, பிடிஎஸ்டிக்கு 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்'. நீளம்தான், ஆனால் யாரும் அதை நாடகம் என்று படிக்க முடியாது.