ஃபிரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில்

புற்றுநோய் மருத்துவரான என்னிடம் இப்படி வருவதில் இந்த மாதம் இது மூன்றாவது ஆள். தெர்மாகோல் பெட்டியை மேசைமேல் வைத்து, கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார் அந்தப் பையன். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. வீட்டு ஃபிரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

"நானோ பெப்டைடு சார். கேன்சர் செல்லுக்குள்ள மட்டும்தான் போகுமாம். சைடு எஃபெக்ட்டே கிடையாதாம்."

பெப்டைடு என்றால் புரதத்தின் சிறு துண்டு மாதிரி. அதை இணையத்தில் வரவழைத்து, அம்மாவுக்கு இன்சுலின் சிரிஞ்சால் வயிற்றில் போட்டிருக்கிறார். ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் கீமோவுக்கு வரவில்லை. மார்பில் மூன்று சென்டிமீட்டர் இருந்த கட்டி இப்போது ஐந்தரை.

லேபிளைப் படித்தீர்களா என்று கேட்டேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. "அது சும்மா சட்டத்துக்காகப் போடுறது சார்" என்றார்.

இது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அப்படியில்லை. எச்ஐவி வைரஸின் டாட் புரதம் தானாகவே செல்லுக்குள் நுழைந்துவிடும் என்று 1988-லேயே கண்டுபிடித்தார்கள். அதன் சிறு துண்டை, மருந்து சுமக்கும் நுண்ணிய நானோ துகள்மேல் ஒட்டினால் துகளும் கூடவே உள்ளே போகும். ஆனால் டாட்டுக்கு ஆள் பார்க்கத் தெரியாது; நல்ல செல், கெட்ட செல் எல்லாம் ஒன்றுதான். அப்புறம் 2009-ல் அமெரிக்காவில் எர்க்கி ருவோஸ்லாட்டியின் குழு ஐஆர்ஜிடி என்ற பெப்டைடைக் கொண்டுவந்தது. ஒன்பதே அமினோ அமிலம். கட்டியின் இரத்தக் குழாயில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள நொதி அதை வெட்டும். வெட்டுப்பட்ட முனை நியூரோபிலின்-1 என்ற ஏற்பியில் போய் ஒட்ட, கட்டிக்குள் வழி திறக்கும். எலியில் இதைப் பார்த்தபோது எனக்கே பிரமிப்புதான். கணையப் புற்றுநோயில் மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள், கீமோவோடு சேர்த்து. கீமோவை நிறுத்திவிட்டு அல்ல.

என்னைக் கொதிக்க வைப்பது, 'கேன்சர் செல்லுக்குள்ள மட்டும்' என்று பையன் சொன்னாரே, அந்த 'மட்டும்'. 2016-ல் டொராண்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டுக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். விலங்குகளுக்குச் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பில் 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு! மிச்சத்தில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாரிக்கொள்கின்றன. சரி, கட்டியைத் தேடிப் பிடிக்க ஏதாவது ஒட்டி அனுப்பினால்? 0.9. ஒட்டாமல் அனுப்பினால் 0.6. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் என்றால், இரத்தத்துக்குள் போன அடுத்த நிமிடமே புரதங்கள் துகள்மேல் அப்பிக்கொள்கின்றன. நம்பர் பிளேட்டில் சேறு அப்பினால் வண்டி யாருடையது என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, இன்டெக்ரின் கட்டியின் சொத்து அல்ல. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் புதிதாக முளைக்கும் குழாய்களிலும் அது உண்டு.

சைடு எஃபெக்ட் இல்லையாம்! லைப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தும் நானோ மருந்துதான், 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. இதயத்துக்குக் கெடுதல் குறைவு, உண்மை. ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்து, டம்ளரைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களை எங்கள் வார்டில் வந்து பாருங்கள். (எலிக்குச் சரியானதை 'புற்றுநோய்க்குத் தீர்வு' என்று தலைப்புப் போட்டுத் தரும் எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.)

குப்பி வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்ன, கிருமியில்லாமல் அடைத்தார்களா என்று விற்பவனுக்கே தெரியாது. குடிக்கும் 'நானோ பெப்டைடு' என்றால் இன்னும் மோசம். குடலுக்கு அது இன்னொரு பருப்பு, செரித்துத் தள்ளிவிடும். யாராவது 'டிரையல்' என்றால் சிடிஆர்ஐ (இந்தியாவில் மருத்துவச் சோதனைகளைப் பதியும் தளம்) பதிவு எண் கேளுங்கள். அந்தத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கீமோ பயமாக இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். வாந்திக்கு மருந்து இருக்கிறது, மருந்தளவைக் குறைக்கலாம், சில நேரம் மருந்தையே மாற்றலாம். சொல்லாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மாவுக்குப் போன வியாழக்கிழமை மறுபடி கீமோ ஆரம்பித்தோம். மீதிக் குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்லியிருந்தேன். பெட்டியில் ஆறு குழி. எண்ணிப் பார்த்தேன், ஐந்து குப்பிதான் இருந்தது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.