கொள்ளிடத்து மணலுக்குள் ஓடும் ஆறு

ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு ஆறுகள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். வெளியூரிலிருந்து வருபவர்கள் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவார்கள். எனக்குப் பிடித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கொள்ளிடக்கரை. காவிரியில் வெள்ளம் வரும்போது முக்கொம்பு அணையில் திருப்பிவிடப்படும் நீர்தான் இதில் ஓடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணல்தான். ஆனால் தாழ்வான இடமாகப் பார்த்துத் தோண்டினால் கோடையிலும் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும். இரண்டு மூன்று தடவை இறைத்துவிட்டால் தெளிந்துவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? சொம்பு நிறையக் கோலிக்குண்டுகளைப் போட்டாலும் நடுவில் தண்ணீர் ஊற்ற இடம் இருக்கும் அல்லவா? மணலும் அப்படித்தான். அதன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. வெள்ளம் ஓடும்போது அந்த இடைவெளிகள் நிரம்புகின்றன. வடிந்த பிறகும் கீழே ஒரு மட்டம் வரை நீர் நிற்கும். அந்த மட்டத்தைத் தாண்டிக் குழி தோண்டினால், சுற்றியுள்ள மணலிலிருந்து நீர் கசிந்து வந்து குழியை அதே மட்டத்துக்கு நிரப்பும். அதுதான் ஊற்று.

சரி, வெயில் ஏன் அதைக் குடித்துவிடவில்லை? நுண்ணிய இடைவெளிகளில் நீர் தானாக மேலே ஏறும். களிமண்ணில் அது வெகு உயரம் ஏறும். பருமணலில் சில அங்குலங்களோடு நின்றுவிடும். மேல்மணல் ஒருமுறை காய்ந்துவிட்டால், கீழே உள்ள நீருக்கு மேலே வர வழியில்லை. இரண்டு மூன்று சாண் ஆழத்துக்குக் கீழே ஆவியாதல் மிகக் குறைவு. திறந்து கிடக்கும் ஏரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தெளிவுக்குக் காரணம் வேகமின்மை. ஆற்றில் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் நீர், மணலுக்குள் ஒரு நாளில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே அதிகம். அந்த நிதானத்தில் வண்டல், மணல் மணிகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மணிகளின் மேல் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் அழுக்கைத் தின்கிறது. கரைந்த உப்பை மட்டும் மணல் பிடிக்காது. சாக்கடை கலக்கும் இடத்தில் இந்த ஊற்றை நம்பவும் கூடாது. திருச்சிக்குக் குடிநீர் தரும் ஆற்றுக் கிணறுகளும் இதே முறையில்தான் நீர் எடுக்கின்றன. ஆற்றுக்குள் இறக்கிய பெரிய கிணற்றிலிருந்து துளையிட்ட குழாய்கள் மணலுக்குள் படுக்கையாக நீளும். மணல் வடிகட்டிய நீர் அவற்றின் வழியே கிணற்றில் சேரும். அப்புறம் குளோரின் கலந்து ஊருக்கு அனுப்புவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கன மீட்டர் மணலிலிருந்து சுமார் 250 லிட்டர் நீரை எடுக்கலாம். மிச்சம் மணிகளிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்று யூனிட் ஏற்றிய லாரியில் இருப்பது 300 கன அடி, அதாவது 8.5 கன மீட்டர் மணல். அந்த லாரி கரையேறும்போது 2,100 லிட்டர் பிடிக்கும் இடம் ஆற்றைவிட்டுப் போகிறது. இது ஒரு தடவையோடு முடியும் இழப்பல்ல. ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்த இடம் நிரம்பியிருக்கும். எடுத்த மணல் திரும்பி வரவும் வழி குறைவு, ஏனென்றால் மேலே இருந்து வரும் மணலில் பெரும்பகுதியை 1934 முதல் மேட்டூர் அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆற்றின் படுகை இறங்க இறங்க உள்ளே நிற்கும் நீர்மட்டமும் இறங்குகிறது. கரையோரத் தோட்டங்களின் நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிகிறது. மணல் ஆற்றில் அள்ளப்பட்டாலும் வற்றுவது தோட்டத்துக் கிணறு.